களத்து வெயிலும் காப்புக் கட்டிய பெட்டியும்

எண்பதுகளின் தொடக்கம். பெருநகர் என்கிற ஊருக்குப் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை எங்கள் நான்கு பெண்களுடையது. உமி தள்ளி அடுப்பெரித்து, டிரம்மில் தண்ணீர் சுடவைத்து நெல்லை ஊறப்போடுவோம். அந்த அடுப்புக்கு வினையாகப் பட்டணத்திலிருந்து ஒருவன் ஒரு பெட்டியோடு வந்தான். ஒரு பல்பு எரியும் கரண்ட்டில் ஒரு டிரம் தண்ணீரைச் சுடவைக்குமாம். தின்கிற கரண்ட்டைவிடப் பல மடங்கு சூட்டைக் கக்குமாம். சோதனையில் தேறிவிட்டால் அடுப்பும் வேண்டாம், நாங்களும் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சித்திரை மாதம். நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தின் நடுவில் கறுப்பு டிரம்மை வைத்து, பெட்டியின் ஒயரை அதில் இறக்கினார்கள். பெட்டிக்கு மஞ்சள் கயிற்றால் மாரியம்மன் பேரில் காப்புக் கட்டி, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். காப்பு அவிழ்க்கும்வரை யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது, தொடவும் கூடாது என்றான் அவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய் விரதம் இருக்கிறவள் நான். என் தாயைக் கொண்டுபோய் இவன் பெட்டிக்குப் பூட்டாகப் போடுகிறானே என்று வயிறு எரிந்தது.

மதியம் தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, ஐம்பது டிகிரி என்று காட்டினான். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் களத்தில் வெறும் அண்டாவில் தண்ணீர் கிடந்தாலே மதியத்துக்குள் கை வைக்க முடியாது. இது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும்.

"மொதலாளி, பக்கத்துல இன்னொரு டிரம்முல சும்மா தண்ணி வச்சுப் பாருங்க. பெட்டி இல்லாம எவ்ளோ சூடு கீதுன்னு தெரியும்" என்றேன்.

"சாமி காரியத்துல சந்தேகமா? வவுத்தெரிச்சல்ல பேசாதமே" என்றார் முதலாளி.

"அடுப்ப அணைச்சிட்டீங்க, வவுறாவது எரியட்டும் மொதலாளி" என்றாள் என்னோடு வேலை செய்தவள்.

மறுநாள் நாங்களே பக்கத்தில் இன்னொரு கறுப்பு டிரம்மை நிரப்பி வைத்தோம். மதியம் இரண்டிலும் ஒரே டிகிரி. அவன் அசரவில்லை. "பெட்டியோட சூடு பரவி அதுலயும் ஏறியிருக்கு" என்றான். முதலாளி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

"அப்ப பெட்டிய வெயிலு படாத நெயலுக்கு எடுத்துக்கினு வாங்க" என்றேன்.

"காப்புக் கட்டினத நகத்தக் கூடாதும்மா" என்றான் அவன்.

"காப்புக் கட்டிக்கினு ஆத்தாளே ஊரு சுத்தி வரா. உன் பெட்டிக்குப் பத்தடி வர இன்னா நோவு?"

ஆத்தா பேச்சு வந்ததும் முதலாளி நகர்த்திப் பார்க்கச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் விடியலில் பெட்டியையும் டிரம்மையும் குடோனுக்குள் கொண்டுபோய், புதுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். சாயங்காலம் முழங்கைவரை விட்டுப் பார்த்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் சூடேறாமல் ஊற்றியபடியே இருந்தது. தெர்மாமீட்டரும் அதையே சொன்னது. ஒயர் லூசு என்றான் அவன். பிறகு, பெண்கள் கை பட்டுவிட்டது என்றான்.

"போய் அடுப்ப மூட்டுங்க" என்றார் முதலாளி, எங்கள் முகத்தைப் பார்க்காமல். ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது. அந்த ஆளுக்கு அன்றைக்கும் அவர் வீட்டில் இலை போட்டுத்தான் சோறு. நாங்கள் உமி அள்ளப் போனோம்.