பழுப்பு ஒன்று, பச்சை ஒன்று

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசரான புதிது. வெட்டி வரும் தோல் துண்டுகளை இடது கால், வலது கால் என்று ஒரே நிறத்தில் ஜோடி சேர்த்துத் தையலுக்கு அனுப்பும் பிரிவு. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பிடித்துப் பார்த்தால் போதும், மயிரிழை நிற வித்தியாசத்தையும் சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

அந்த வாரம் பழுப்பு, கரும்பச்சை இரண்டிலும் ஆர்டர் ஓடியது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பழுப்போடு பச்சையை ஜோடி சேர்த்து வைத்திருந்தார். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூடை நிறைய. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். என்னைவிட வயதில் மூத்த அவர், தலையைக் குனிந்துகொண்டு, இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றார். சாக்கு சொல்கிறார் என்று நினைத்து, வேலையில் கவனமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு வேலை போய்விட்டது.

போன வருடம் என் மகன் பள்ளியில் கண் பரிசோதனை செய்தவர்கள், வேலூரில் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அவர் புள்ளி புள்ளியாக ஒரு படம் காட்டினார். எனக்கு அதில் எண் பளிச்சென்று தெரிந்தது. மகன் திருதிருவென்று விழித்தான். அவனுக்குப் பச்சையும் பழுப்பும் பிரித்துத் தெரியாதாம்.

கணவர் வீட்டில் யாருக்காவது இருந்திருக்குமோ என்று இழுத்தேன். இந்தக் குறை அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது என்றார் டாக்டர்.

"உங்க பார்வை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உங்க கிட்ட இருந்துதான் பையனுக்கு வந்திருக்கு."

காய்த் தக்காளியைப் பழமென்று வாங்கி வந்து, ஆயுள் முழுக்க அம்மாவிடம் திட்டு வாங்கிய என் அப்பா நினைவுக்கு வந்தார். அடுத்த நிமிடம் அந்த மனிதரின் குனிந்த தலை. அங்கேயே அழுதுவிட்டேன்.

விசாரித்துப் போனேன். குடியாத்தத்தில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"பையன் கிட்ட சொல்லிட்டீங்களா மேடம்? எனக்கு யாரும் சொல்லல. நான் மக்குன்னே இத்தனை வருஷமா நெனச்சினு இருந்தேன்."

இப்போது யார் புதிதாக வேலைக்கு வந்தாலும், முதலில் இரண்டு துண்டுகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்புகிறேன், அன்றைக்கு ஒருவரை நம்பாமல் போன பாரம் மட்டும் இறங்கவில்லை.