பில்லில் ஒன்று, தொட்டியில் இரண்டு

மூன்றாவது மாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி வளர்கிறது என்ற செய்தி, தரைத்தளத்துத் தையல்காரம்மாவின் வாயிலிருந்து புறப்பட்டபோது வெறும் சிலந்தியாகத்தான் இருந்தது. முதல் மாடியைத் தாண்டுவதற்குள் அதற்கு மயிர் முளைத்துவிட்டது. இரண்டாவது மாடியில் அது ஒரு குருவியைத் தின்று முடித்தது. வேலை முடிந்து மூன்றாவது மாடிக்காரி படியேறி வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில், எதிர்வீட்டுப் பூனை மத்தியானத்திலிருந்து கண்ணில் படவில்லை என்பதும் சேர்ந்திருந்தது.

இதில் ஒரு சங்கடம், சிலந்தி வளர்கிற வீடு என்று சொல்லப்பட்டது மூன்றாவது மாடிக்காரியின் வீடுதான். அவளுக்கே விஷயம் தெரியாது.

அவளுக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். பெரிய பல்பொருள் கடை ஒன்றின் வெளிவாசலில் நிற்பவள். பில்லை வாங்கி, பைக்குள் எட்டிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்துப்போனால் பில்லில் ஒரு பொத்தல் போட்டு அனுப்புவது வேலை. பதினோரு வருஷமாக அதே வாசல். குடைக்குள் ஒளிந்த பற்பசை, கைக்குழந்தைக்கு அடியில் படுத்திருந்த ஷாம்பூ பாட்டில் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. தவறாக நிறுத்திவிட்டால் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடை முதலாளி சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். அவள் நின்றது அந்த எழுத்துக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. தப்பாக நிறுத்தியவர்களிடம் அவள் சொல்வதெல்லாம் ஒன்றே ஒன்று: "சரியா இருக்கு, போகலாம்." அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்வீட்டார் விஷயத்தைச் சொன்னதும், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். வதந்தியும் ஒரு பைதானே.

"குருவிய யாரு பாத்தது?" என்று இரண்டாவது மாடிக்காரியிடம் கேட்டாள்.

"நான் பாக்கல. தின்னுச்சுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"அது இப்ப ஞாபகம் வரல. ஆனா பூனையக் காணோம், அது உண்மை."

பூனை மீட்டர் பெட்டியின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே அதைக் கைநீட்டிக் காட்டிவிட்டு மேலும் இறங்கினாள்.

தையல்காரம்மா ஊசியை வாயில் கவ்வியபடியே பேசினாள். "மயிரு, குருவியெல்லாம் என் கணக்குல எழுதாத. உன் தம்பி ஒரு கண்ணாடித் தொட்டியப் போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போனான். அப்புறம் ஒரு மூட்டை மண்ணு. என்னடாப்பா இதுன்னு கேட்டேன். சிலந்திக்குன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான், அதான் எனக்குப் பயமாப் போச்சு."

தம்பி. எக்ஸ்ரே மறுபடி படியேறினாள்.

தம்பி லிப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் இருந்தான். ஒருநாள் அவளுடைய கம்மலில் ஒன்றைக் காணோம். வேலைக்குக் கிளம்பியவனை வாசலில் நிறுத்தி, விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் குடும்பம் மொத்தமும் பார்க்க, அவன் பையைத் துழாவினாள். கை பழக்கதோஷத்தில் போனது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வாரமே அவன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டான். பன்னிரண்டாம் நாள் கம்மல் தலையணை உறைக்குள் கிடைத்தது. போன் போட்டு, "கிடைச்சிருச்சுடா, எல்லாம் சரியா இருக்கு" என்றாள். "சரிக்கா" என்றான். அத்தோடு வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இப்போது கம்பெனி இந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்கு அவனை மாற்றியிருந்தது. "ரெண்டு மாசம்தான்க்கா. ரூம் கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். நாலு மாசம் ஆகியும் அவள் ரூமைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டால் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று பயம். மறுபடி போய்விட்டால் இந்த முறை திரும்ப மாட்டான் என்பது அவளுக்கு நிச்சயம். ஆகவே அவன் சாமானைத் தொடுவதில்லை, பையைப் பார்ப்பதில்லை, அறைக்குள் நுழைவதில்லை என்று மூன்று சபதம் எடுத்திருந்தாள். அறைக்கதவைத் தட்டக் கூடாது என்று சபதம் எதுவும் இல்லை.

தட்டினாள்.

தொட்டி இருந்தது. அதற்குள் மண், ஒரு வளைந்த மரப்பட்டை, பாட்டில் மூடியில் தண்ணீர். சிலந்தி மட்டும் இல்லை.

"எங்கடா அது?"

"எது?"

"ஊரே பாத்தாச்சு, எனக்கு மட்டும் காட்ட மாட்டியா?"

"இன்னும் வாங்கவே இல்லக்கா. டாரன்டுலான்னு பேரு. உன்கிட்ட கேட்டுட்டு வாங்கலாம்னு இருந்தேன்."

"தொட்டி வாங்கி, மண்ணு ரொப்பி, தண்ணி வெச்சுட்டு, அப்புறம் கேட்கலாம்னு இருந்தியாக்கும்?"

"நாள் பூரா லிப்ட் குழிக்குள்ள நிக்கறேன்க்கா. மேல ஓடுது, கீழ ஓடுது. வீட்டுக்கு வந்தா அசையாம ஒண்ணு இருந்தாத் தேவலைன்னு தோணுச்சு."

பின்னால் வந்து நின்ற அவள் கணவர் மெதுவாகச் சொன்னார்: "அதுக்குத்தான் நான் இருக்கேனே, மாப்ள." அவர் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை செய்பவர். அடுத்து அவர் கேட்ட கேள்வி தொழில்முறையானது: "பல்லு எத்தனை இருக்கும்?"

"ரெண்டு, மாமா. கோரைப்பல்லு மட்டும்."

"ரெண்டுதானா? பாவம்."

வேண்டாம் என்று சொன்னால் பழைய வாசல்படி நினைவுக்கு வரும். சரி என்று சொன்னால் வீட்டுக்குள் சிலந்தி வரும். எக்ஸ்ரே யோசித்துவிட்டு, "நானும் வர்றேன். நான் பாத்துத்தான் எடுக்கணும்" என்றாள்.

மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். அலங்கார மீன் விற்பவர் ஒருவர் தன் கடையின் பின்னறையில் டாரன்டுலாக்களையும் வைத்திருந்தார். அவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். "தனியா இருக்கறவங்க அழகப் பாத்து வாங்கலாம்மா. கூட நாலு பேர் இருக்கற வீடுன்னா குணத்தத்தான் பாக்கணும்."

"குணம்னு நீங்க சொல்றீங்க. அது சொல்லணும்ல?" என்றாள் எக்ஸ்ரே.

முதல் பெட்டியில் இருந்தது நீலம். பட்டுப்புடவை கெட்டது. மூடியைத் தளர்த்தினாரோ இல்லையோ, மறுமுனையில் இருந்தது. நடுவில் வந்த வழி யார் கண்ணிலும் படவில்லை. "மரத்துல வாழற இனம். ஓட்டம் ஜாஸ்தி. கடிச்சா வலி உயிர் போகும். உங்க வீட்டுக்கு ஆகாது" என்று அவரே மூடினார். இரண்டாவதற்கு முழங்காலெல்லாம் ஆரஞ்சு வளையம். தூரிகையால் தொட்டதும் பின்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்தது. "முடிய உதறி விடுது பாருங்க. தோல்ல பட்டா அரிக்கும், கண்ணுல படவே கூடாது. இனம் என்னமோ சாதுதான். இது மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி."

"எங்க நாத்தனாரையும் இப்படித்தான் சொன்னாங்க" என்றாள் அவள். கணவர் மீன்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது பழுப்பு. சுருட்டை முடி. யாரோ குளித்துவிட்டுத் தலை சீவ மறந்ததுபோல ஒரு தோற்றம். அசையவில்லை.

"செத்துருச்சா?"

அவர் தூரிகை நுனியால் பின்காலைத் தொட்டார். இரண்டு அடி எடுத்து வைத்தது, நின்றது.

"எப்பவுமே இப்படியா, இல்ல நாங்க வந்திருக்கோம்னு நடிக்குதா?"

"தரையில வளை தோண்டி வாழற இனம்மா. வாரத்துக்கு ஒரு சில்வண்டு போட்டாப் போதும். பட்டினி கிடந்தாலும் சண்டைக்கு வராது. கீழ மட்டும் போட்டுடாதீங்க, வயிறு வெடிச்சுச் செத்துப் போகும். உண்மையச் சொன்னா, அதுகிட்ட நீங்க பயப்படறதவிட உங்ககிட்ட அதுதான் பயப்படணும்."

எக்ஸ்ரே அன்று வாங்க விடவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பார்த்தாள். இரண்டு நாளும் அது அதே மூலையில் அதே காலைத் தூக்கியபடி இருந்தது. மூன்றாம் நாள்தான் சம்மதித்தாள்.

"ஆணா, பொண்ணா?"

"இப்பச் சொல்ல முடியாதும்மா. அடுத்த தடவை தோல் உரிக்கும். அந்தத் தோலக் கொண்டு வாங்க, உள்பக்கம் லென்ஸ் வெச்சுப் பாத்துச் சொல்றேன். ஆணுன்னா நாலஞ்சு வருஷம் இருக்கும். பொண்ணுன்னா இருபது வருஷம்கூட உசுரோட இருக்கும்."

இருபது வருஷம். எக்ஸ்ரே தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மாசத்துக்கு வந்தவன் இருபது வருஷத்துச் சாமானை வாங்குகிறான். ஒன்று, இங்கேயே இருக்கப் போகிறான். அல்லது, இதை என் தலையில் கட்டிவிட்டுப் போகப் போகிறான். அவன் முகத்தில் பொத்தல் போட இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டங்கள் போடப்பட்டன. தொட்டி குட்டை ஸ்டூலில்தான் இருக்கும். மூடிக்குப் பூட்டு. சாவி அக்காவிடம். தொட்டியில் கை வைத்தவன் கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது. கதவில் ஒரு காகிதம் ஒட்டி, தினமும் சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்து, தேதிக்கு நேராக '1' என்று எழுதினாள்.

"நான் வீட்டுல இருக்கேனான்னு என்னிக்காவது எழுதியிருக்கியா?" என்று கணவர் கேட்டார்.

"நீங்க எங்க போயிடுவீங்க?"

ஆறாவது வாரம் சிலந்தி சில்வண்டைத் தொடவில்லை. தம்பி தொட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தினான். "ரெண்டு நாளைக்கு யாரும் தொந்தரவு பண்ண வேணாம்க்கா" என்றான். ஏன் என்று அவள் கேட்டிருக்கலாம். ஆனால் துண்டுக்கு அடியில் வைத்ததைப் பற்றி வைத்தவனிடமே கேட்கிற வழக்கம் அவள் வேலையில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் தம்பி இன்னும் வேலையில் இருந்தான். அறைக்குள் நுழைவதில்லை என்ற சபதம் சிலந்தி வந்த அன்றே காலாவதியாகியிருந்தது. துண்டைத் தூக்கி டார்ச் அடித்தாள்.

பட்டைக்குப் பின்னால் ஒன்று. தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் இன்னொன்று.

கண்ணை மூடித் திறந்தாள். கால்களை எண்ணினாள். பதினாறு. இரண்டுக்கும் முடி, இரண்டுக்கும் கோரைப்பல். பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது. லிப்ட் மெக்கானிக்குக்கு இன்னொரு சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஜோடி சேர்த்துவிட்டான். இனி குட்டி போடும். நூறோ, இருநூறோ. ஒன்று என்று சொல்லி வந்தவன் இரண்டு வைத்திருக்கிறான். அப்படியானால் அந்தக் கம்மல்? கம்மல் கிடைத்துவிட்டது என்பதுகூட அவளுக்கு ஒரு கணம் மறந்துபோனது.

பூட்டைத் திறந்து, கணவரின் பட்டறை இடுக்கியால் தண்ணீர் அருகே இருந்ததைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். அது ஓடவில்லை. நடிக்கிறது. செருப்பை எடுத்தாள். மூன்று அடி. காய்ந்த சருகுபோல நொறுங்கியது. ரத்தமோ நீரோ ஒரு சொட்டு இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கணவரும் தம்பியும் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். தம்பி தரையைப் பார்த்தான், திறந்த மூடியைப் பார்த்தான், பதறிப்போய்த் தொட்டியின் முன் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"உள்ள இருக்கறதத் தொட்டியா?"

"தொடல. ஒண்ணுன்னு சொல்லிட்டு ரெண்டு வெச்சிருக்கியே, வெக்கமா இல்ல? பில்லுல ஒண்ணு, தொட்டியில ரெண்டு!"

அவன் கண் தொட்டியை விட்டு நகரவில்லை. பட்டைக்குப் பின்னால் ஒரு கால் லேசாக மடங்கியதும்தான் மூச்சு விட்டான். "உடம்பு இன்னும் இறுகலக்கா. இப்ப கை பட்டிருந்தா செத்திருக்கும்." எழுந்து உட்கார்ந்தான். "நீ அடிச்சது அதோட தோலு."

"தோலா? தோல்னா பாம்புச் சட்ட மாதிரிதானே இருக்கும்? இதுக்குக் காலு இருந்துச்சுடா! பல்லு இருந்துச்சு!"

கணவர் கண்ணில் பட்டறை லென்ஸை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "அடேங்கப்பா! பல்லையும் சேத்தே கழட்டிப் போட்டிருக்கு. புதுசா வேற முளைச்சிருக்கும். இந்த வித்தைய மனுஷன் கத்துக்கிட்டா எங்க பட்டறைய மூட வேண்டியதுதான்." கால்கள் ஐந்து முழுசாகக் கிடைத்தன. ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டிய அடிவயிற்றுப் பக்கம் மட்டும் பொடிப்பொடி. அவர் கொஞ்ச நேரம் ஒட்டிப் பார்த்தார், பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போன் அடித்தது. "சரி, வர்றேன்" என்று மட்டும் சொல்லி, பையை எடுத்துத் தோளில் போட்டான்.

எக்ஸ்ரே வாசலுக்கு வந்து நின்றாள். தடுக்கவா, வழி விடவா என்று அவளுக்கே தெரியவில்லை. கால் பழக்கதோஷத்தில் வந்து நின்றுவிட்டது. தம்பி அவளைப் பார்த்தான். பையை இறக்கி, ஜிப்பை முழுக்கத் திறந்து, நீட்டினான்.

அவள் பார்க்கவில்லை என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். பார்த்தாள். ஸ்பானர் இரண்டு, டார்ச், கையுறை, கிரீஸ் டப்பா. சட்டை துணிமணி இல்லை. "சரியா இருக்கு" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எங்க?"

"ஒரு லிப்ட் நடுவுல நின்னுருச்சு. உள்ள ரெண்டு பேரு."

"ரெண்டு பேருன்னு யாரு எண்ணினா?"

அவன் உதட்டோரம் லேசாக இழுத்தது. படியிறங்கிப் போனான். அவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். அவனுடைய பல் தேய்க்கும் பிரஷ் குவளையில் இருந்தது. அரைமணி கழித்து மறுபடி போய்ப் பார்த்தாள். இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு அவன் வந்துவிட்டான். உள்ளே நிஜமாகவே இரண்டு பேர்தானாம். கை கழுவிவிட்டு உட்கார்ந்தவனுக்குப் பரிமாறிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்:

"அடுத்த தோல் எப்ப உரிக்கும்?"

"ஒரு வருஷம் ஆகும். ஒண்ணரை வருஷம்கூட ஆகலாம்."

"ஒண்ணரை வருஷமா?" பில்லில் விலையைச் சந்தேகப்படுகிறவளின் குரல்.

"ஆமா. அதுவரைக்கும் ஆணா பொண்ணான்னு தெரியாது. நீ எனக்கு ஒரு தோலு பாக்கி."

ரூமைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கதவுக் காகிதத்தின் முன் போய் நின்றாள். அன்றைய தேதிக்கு நேராக '1' போட்டாள். அதன் கீழே 'தோல் ஒன்று, பாக்கி' என்று எழுதி, தம்பியைக் கூப்பிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அவன் போன பிறகும் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. எழுத வேண்டிய பாக்கி இன்னொன்று இருந்தது, மூன்று வருஷத்துப் பழையது. காகிதத்தில் இடமும் இருந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.