ஒரே ஒரு மாற்றம் மீதம்

மும்பையில் செம்பூருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னமும் என்னை எந்த ஊர் என்று யாராவது கேட்காத நாளில்லை. கட்டடத்து வாட்ச்மேன் கேட்பார், ஆட்டோக்காரர் கேட்பார். மலேசியா என்று சொன்னால் காய்கறி வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அச்சா, கேரளா சைட்?" என்று தலையாட்டி இரண்டு பச்சை மிளகாயை இனாமாகப் போடுவார். முதலில் திருத்திப் பார்த்தேன். இப்போது மிளகாயை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். மனிதர்கள் கேட்டால் இப்படி ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். வீட்டிலிருக்கும் பழைய மடிக்கணினி கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியாமல் இருந்தது. எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து நான் கொண்டுவந்த டிவிடி படத் தட்டைப் போட்டால், இது வேறு மண்டலத்துத் தட்டு, மண்டலத்தை மாற்றவா என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நிற்கும். அதன் கீழே, மீதமுள்ள மாற்றங்கள் ஒன்று என்று இருக்கும். 

கிள்ளானில் இதைப் படிக்கும் உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எனக்கும் அங்கே இருந்தவரை தெரியாது. டிவிடி விற்றவர்கள் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நம் மலேசியா மூன்று, இந்தியா ஐந்து. மூன்றாம் எண் தட்டு ஐந்தாம் எண் கருவியில் ஓடாது. கணினியில் எண்ணை மாற்றலாம், ஆனால் ஐந்தே முறை. அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணே நிலைத்துவிடும். யார் வந்தாலும் மாற்ற முடியாது.

என் தட்டில் இருப்பது, பெயர் சொன்னாலும் உங்களில் பலருக்கு ஞாபகம் வராத ஒரு தொலைக்காட்சிப் படம். அதில் என் அப்பா எட்டு விநாடி வருகிறார். அப்பா பஸ் ஓட்டுநர். படப்பிடிப்புக்கு பஸ்ஸை வாடகைக்கு எடுத்தவர்கள், ஓட்டுநராக நடிக்க வேண்டியவர் வராமல் போகவே, நீங்களே உட்கார்ந்து ஒரு வரி பேசிவிடுங்கள் என்றார்களாம். கதாநாயகி ஏறப்போவாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தி, "இந்த பஸ் அங்க போவாது தங்கச்சி. அடுத்த பஸ் வரும், நில்லு" என்பார். அவ்வளவுதான். படம் தட்டாக வந்தபோது இரவுச் சந்தையில் ஆறு வாங்கி உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். மறு வருஷமே பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. அப்போது எங்களிடம் குரல் பதியும் போன் கிடையாது. நான் மும்பைக்கு வந்த பிறகு போன் செய்தால் அம்மாதான் பேசுவாள். அப்பா கேட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாகப் போனை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். உறவுக்காரர்களிடம் இருந்த தட்டெல்லாம் தொலைந்தும் உடைந்தும் போய்விட்டன. என் அப்பாவின் குரல் இந்த உலகத்தில் என்னிடம் இருக்கும் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஐந்தில் நாலு மாற்றம் எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். வெட்கக்கேடு. கல்யாணமாகிக் கிளம்பும்போது அம்மா காதில் ஓதி அனுப்பியது, புகுந்த வீட்டில் எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வை என்பது. வந்த புதிதில் என் கணவர் சேகர் மண்டலம் மாற்றக் காட்டிக்கொடுத்தார். அப்பாவைப் பார்த்தேன். பார்த்து முடித்ததும், நல்ல மருமகளாக, எண்ணைப் பழையபடி ஐந்துக்கு மாற்றி வைத்தேன். அடுத்த வருஷம் அப்பாவின் பிறந்தநாளன்று மறுபடி மூன்று, மறுபடி ஐந்து. அடுப்பை அணைத்துத் துடைத்து வைப்பது போல. நல்ல பெயர் எடுத்த கையோடுதான் கீழே இருந்த வரியைப் படித்தேன். மீதம் ஒன்று. அன்றிலிருந்து தட்டை வெளியே எடுக்கவில்லை.

ஐந்து யாருக்காக என்றும் சொல்ல வேண்டும். அத்தைக்காக, என் மாமியாருக்காக. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வாழ வந்து, பிள்ளை வேலைக்குப் போனபின் செம்பூருக்குக் குடிவந்தவர். எந்த நேரமும் ஓயாத மனுஷி. மதியம் குழாயில் தண்ணீர் பிடித்து முடித்து, நாலு மணிக்குத்தான் உட்காருவார். மாமாவும் அவரும் சேர்ந்து வாங்கிய பழைய தமிழ்ப் படத் தட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. மாமா போன பிறகு ஒவ்வொரு நாளும் அவற்றில் ஒன்று. டிவிடி பிளேயர் செத்த பின் மடிக்கணினிதான். சில தட்டுகளில் எண்ணே இல்லை, எங்கும் ஓடும். அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் நாலைந்தின் பின்பக்கத்தில் மட்டும் ஐந்து என்று போட்டிருக்கிறது.

போன மாதம் அப்பா இறந்துபோனார். என் பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் அம்மா அழுதாள், நான் அழுதேன். வழக்கமான இரண்டு தட்டு மட்டும் வரவில்லை. அன்று ராத்திரியே அப்பாவின் குரலை மனசுக்குள் பேசவைக்கப் பார்த்தேன். வரவில்லை. வார்த்தை வந்தது, குரல் சேகருடையதாக இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பதினாறாம் நாளுக்குள் கேட்டாக வேண்டும் என்று ஏனோ மனசில் விழுந்துவிட்டது.

மாட்டுங்காவில் கணினி பழுது பார்க்கும் தமிழர் ஒருவர் கடைக்குப் போனேன். அவருக்கு என் கஷ்டம் புரியவே இல்லை. "இத எதுக்கும்மா தூக்கிண்டு அலையறேள்? நல்ல படமா நாலு டவுன்லோட் பண்ணித் தரேன்" என்றார். படம் வேண்டாம், எட்டு விநாடிதான் வேண்டும் என்றேன். ரிங்டோனுக்கா என்று கேட்டார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, கீறலும் இருக்கிறது, ஓடினால் அதிர்ஷ்டம் என்றார். நகல் எடுக்க ஒரு வாரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதைக் கையைவிட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெளியே செருகும் டிவிடி டிரைவ் இருந்தால் கணினியின் எண்ணைத் தொடாமலே ஓட்டலாம், வந்தால் போன் செய்கிறேன் என்றார். செய்யவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். மாற்றிய பிறகு தட்டு ஓடாவிட்டால் அப்பாவும் இல்லை, அத்தையின் படமும் இல்லை. சேகரிடம் சொன்னேன். கொஞ்சம் வெயிட் பண்ணு, அம்மாவுக்கு அது ஒன்றுதானே டைம்பாஸ் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினாறாம் நாள் நாலு மணிக்கு அத்தை தன் தட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என்னளா, ஓட மாட்டேங்குதா என்றார். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எண், மாற்றம், பூஞ்சை, எட்டு விநாடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"இதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு அலைஞ்ச? மாத்து" என்றார்.

"மாத்துனா உங்க படம் இனிமே ஓடாது அத்தை. எப்பவுமே ஓடாது."

"அதெல்லாம் எனக்கு மனப்பாடம்ளா. கல்யாணத்துல உங்கப்பா எங் கையப் புடிச்சிக்கிட்டு என்னமோ சொல்லணும்னு வாய வாய அசைச்சாரு. அவரு பேசி நான் கேட்டதே இல்லயே."

மாற்றினேன். நிச்சயமா என்று கணினி ஒரு தடவை கேட்டது. விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி இருந்தேன். அத்தை என் கைமேல் கையை வைத்து அழுத்திவிட்டார். தட்டு உள்ளே கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டுச் சத்தம் வந்த பிறகுதான் திறந்தேன். அப்பா வரும் இருபதாவது நிமிஷத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்பாவின் முகம் வரவில்லை, கை மட்டும் வந்தது. ஆனால் குரல் முழுசாக வந்தது. நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். போனில் பதிந்துகொண்டேன். அந்தப் பதிவில் அத்தை மூக்கைச் சிந்துவதும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் நான் மலேசியக்காரி, விசாவில் இந்த வீட்டு மருமகள். மடிக்கணினிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இனி இல்லை. செம்பூரில் உட்கார்ந்துகொண்டு சாகும்வரை அது மூன்றுதான். அத்தைக்கு மட்டும் பழக்கம் போகவில்லை. நேற்றும் நாலு மணிக்குப் பிஸ்கட் டப்பாவிலிருந்து தனக்குப் பிடித்த தட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து, தானே உள்ளே தள்ளினார். சின்னப் பெட்டி வந்து நின்றது. அடுக்களையில் இருந்த என்னைப் பார்த்து, "இந்த பஸ் அங்க போவாதாம்ளா" என்றார். பிறகு தன் தட்டை எடுத்து டப்பாவில் வைத்துவிட்டு, என்னிடம் கேட்காமலே அப்பாவுடையதை எடுத்துப் போட்டார்.