ஜிபார் மாட்டிய கைப்பிடிக் கம்பி

எங்கள் மலையூரான கோச்கோரின் சந்தையில், இறைச்சிக் கடைகளுக்குப் பின்வரிசையில் என் செருப்புக் கடை. உள்ளே கம்பளி வைத்த, குதிகால் திறந்த வீட்டுச் செருப்புதான் முக்கியமான சரக்கு. குளிர் தொடங்குமுன் ஊரில் பாதிப் பேர் தாய் தகப்பனுக்கு அதை வாங்கிப் போவார்கள். என் சிநேகிதி ஜிபார் என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள்: "நல்லா வழுக்கும், வாங்கிக்கங்க. அம்மா விழுந்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்க." நான் ஒரு செருப்பை எடுத்து வீசுவதுபோல் பாவனை செய்வேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அவளுக்கு இந்த ஊர் வீடுகளில் பிடித்த பொருள் ஒன்றுகூட இல்லை. நிலைப்படி உயரம் என்பாள். தரையில் விரிப்பின்மேல் விரிப்பு ஏன் என்பாள். விருந்தாளியைத் தரை மெத்தையில் உட்காரவைப்பதைப் பார்த்தால் அவளுக்கு முழங்கால் வலிக்குமாம். எங்கள் வீட்டுக்கு வந்தால் டீயைக் குடிக்குமுன் விரிப்பின் மடங்கிய ஓரத்தைக் காலால் நீவி விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் போனபின் மடங்கிய இடம் என் கண்ணிலும் படும்.

வட்டார ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நடை பழக்கும் உடற்பயிற்சி அறை ஒன்று இருந்தது. அங்கேதான் அவள் வேலை பார்த்தாள். பிறகு அந்த அறை பல் டாக்டருக்குப் போனது. புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வீடு வீடாகப் போய், விழுந்து எழுந்த கிழவர்களையும் இனி விழப்போகிறவர்களையும் நிற்கவைக்க ஆரம்பித்தாள். கையில் ஒரு பையும் இருக்காது. வீட்டில் இருக்கிற மேசை, கதவு, நாற்காலி போதும். மேசை விளிம்பைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கவைத்து, அவர்களோடு அரசியல் சண்டை போடுவாள். சண்டை சூடேறினால் காலை மறந்துவிடுவார்கள், அப்போதுதான் கால் தானாக நிற்கும் என்பது அவள் கணக்கு. கீழே விழுந்தால் எப்படிப் புரண்டு, கையூன்றி, மண்டியிட்டு எழுவது என்றும் சொல்லித்தருவாள். "நல்ல வார்த்தையே உன் வாயில வராதா, விழறதுக்கா வித்தை கத்துத்தர்ற?" என்று திட்டாத வீடு குறைவு.

பெய்ஷென் கிழவரின் வீடு என் வீட்டுக்கு நேரெதிர். தோலோன் கணவாயில் லாரி ஓட்டியே ஆயுளைக் கழித்தவர். ஒரு குளிர்காலத்தில், முற்றத்துக் கோடியில் இருக்கிற கழிப்பறைக்குப் போகும்போது பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. தைரியம்தான் முறிந்தது. அன்றுமுதல் மருமகள் நாசிரா அவரை அக்குளில் கைகொடுத்து நடத்தினாள். மகன் குபாத் மூடிபோட்ட வாளி ஒன்று வாங்கி அவர் அறை மூலையில் வைத்தான். குபாத் கெட்டவன் இல்லை. அப்பாவுக்காக உயிரைக் கொடுப்பான், ஊர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகக் கொடுப்பான்.

ஜிபாரைக் கூப்பிட்டு அனுப்பியது கிழவரேதான். முதல் நாள் நானும் உடன் இருந்தேன்.

"பெரியப்பா, என்ன வேணும் உங்களுக்கு? ஓடணுமா, குதிரை ஏறணுமா?"

"ஒரு மண்ணும் வேணாம். அந்த வாளி இந்த வீட்ட விட்டுப் போகணும். என் மருமக அதத் தூக்கிட்டு முற்றத்துல நடக்கறத ஜன்னல் வழியா பாக்கறேன். அதப் பாத்துட்டுத்தான் தினம் டீ குடிக்கறேன். எனக்கு உசிரு வேணாம்மா, வாளி போனாப் போதும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. தன் காலால் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும்.

அவர் அறையிலிருந்து வாசல்வரை நீண்ட, இருண்ட நடைவழி. அந்தச் சுவரில் இரும்புக் குழாய் ஒன்றை அவர் இடுப்பு உயரத்தில் ஜிபாரே திருகாணி போட்டு மாட்டினாள். முதலில் அவர் கம்பியைக் கண்ணால் தேடிப் பிடிப்பார். குனிந்த உடனே தள்ளாடுவார்.

"பெரியப்பா, கியர் மாத்தும்போது கியரையா பாப்பீங்க?"

"பாத்தா பள்ளத்துலதான் கிடப்பேன்."

"அப்ப இதையும் பாக்காதீங்க. கண்ணு வாசல்ல இருக்கட்டும். கை தானா போகட்டும்."

அதற்காகவே விளக்கை அணைத்து நடக்கவைத்தாள். பேச்சுக்கொடுத்துக்கொண்டே நடக்கவைத்தாள். அறையிலிருந்து காலை வெளியே வைத்ததும் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு கம்பியைப் பிடிக்கும் அளவுக்கு ஆயிற்று. பனி உருகுவதற்குள் கிழவர் தனியே போய்வரத் தொடங்கினார். வாளியை அவரே தெருக் கால்வாயில் வீசினார். என் கடையில் வாங்கிய செருப்பையும் சேர்த்து வீசினார். அதற்கு நான் ஜிபாரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருக்கு எண்பது வயது. மேய்ச்சல் மலையிலிருந்து மந்தைகள் இறங்கியதும் விருந்து வைப்பதாகக் குபாத் நாள் குறித்தான். அவன் மகளைத் தாலாஸில் கட்டிக்கொடுத்திருந்தான். அந்தச் சம்பந்திகள் முதன்முறையாக இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டப்போகிறார்கள். வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். கறிக்குக் குதிரை அறுத்தார்கள். விருந்துக்கு முந்தின நாள் குபாத் திருப்புளியோடு நடையில் நின்றான். செய்தி தெரிந்து ஜிபார் ஓடிவந்தாள்.

"அண்ணே, என்ன செய்யறீங்க?"

"பாத்தா தெரியல? சம்பந்திங்க வர்றாங்க. உள்ள நுழைஞ்சதும் ஆஸ்பத்திரி மாதிரி குழாய் தெரியுது. கிழவருக்கு முடியலன்னு தாலாஸ் பூரா பேச்சாயிடும்."

"கம்பி இருந்தா முடியலன்னு அர்த்தமில்ல அண்ணே. நடக்கறாருன்னு அர்த்தம்."

"ஒரே நாள். மறுநாள் நானே மாட்டிடறேன்."

"சரி, அவர நாற்காலி போட்டு கதவுப் பக்கமாவாவது உக்காரவைங்க. போகவர சுலபமா இருக்கும்."

நாசிரா ரொட்டி மாவுக் கையோடு வந்து சிரித்தாள். "கதவுகிட்ட நான் உக்காருவேன் அக்கா, டீ ஊத்த. எண்பது வயசு மாமனார அங்க உக்காரவச்சா வந்தவங்க என்ன உசிரோட விடுவாங்களா?"

அவள் சொன்னதும் பொய்யில்லை. மூத்தவருக்கு உரிய இடம் தோர். கதவுக்கு நேரெதிரே, அறையின் உள்கோடி. மரியாதை கூடக்கூட மெத்தை கூடும், கதவு தூரமாகும். அங்கே உட்கார்ந்தவர் வெளியே வரவேண்டுமென்றால் வரிசையாக எல்லாரும் எழுந்து வழிவிட வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசியில் கிழவர்தான் வாயைத் திறந்தார். "கழட்டட்டும் ஜிபார். பேத்தியோட மாமனார் வீட்டு முன்னால நான் சுவத்தப் பிடிச்சுட்டு நடக்கமாட்டேன்."

"பெரியப்பா, உங்க கை அதத் தேடும்."

"என் கை நான் சொன்னா கேக்கும்."

குபாத் கம்பியைக் கழற்றினான். துளைகள் தெரியாமலிருக்க நடை நெடுக ஒரு சிவப்புக் கம்பளத்தைச் சுவரில் தொங்கவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விருந்தன்று நான் பின்கட்டில் கிண்ணம் கழுவி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜிபாரும் வந்திருந்தாள், பெண்கள் வரிசையில் கதவோரம். கிழவர் தோரில், மெத்தைமேல் மெத்தை போட்ட மேட்டில் உட்கார்ந்திருந்தார். டீ வரும்போதெல்லாம் கிண்ணத்தைக் கையால் மூடினார். ஏனென்று எனக்கும் ஜிபாருக்கும் மட்டும்தான் புரிந்தது. பெரிய சம்பந்தி எழுந்து கரும்பச்சை வெல்வெட் அங்கி ஒன்றை அவர் தோளில் போர்த்தினார். அடுத்தவர் அதன்மேல் இன்னொன்று. சம்பந்தியின் மைத்துனர் மூன்றாவது. எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அங்கி போர்த்துவது, போர்த்தியதைக் கழற்றுவது அவமரியாதை. அந்தப் பாரத்துக்குள் அவர் சுருங்கிப்போய், தலையில் வெள்ளைத் தொப்பியோடு, எல்லாருக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நெருங்கும்போது, சம்பந்தி வாழ்த்து சொல்லி முடித்ததும் கிழவர் எழுந்தார். ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. ஜிபார் சொல்லிக்கொடுத்தபடி புரண்டு, மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி எழுந்தார். "எண்பதிலயும் வீரன்யா!" என்று சம்பந்தி தொடையைத் தட்டினார். ஜிபார் எழுந்து அவர் பக்கம் போகப் பார்த்தாள். குபாத் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தான். "உக்காரும்மா. மானத்த வாங்காத."

நான் அடுக்கிய கிண்ணங்களோடு நடையின் அந்தக் கோடியில் வந்துகொண்டிருந்தேன். கிழவர் அறையிலிருந்து வெளியே வந்தார். கண் நேராக வாசலில் இருந்தது. வலது கை தானாக நீண்டது. கம்பி இருந்த அதே உயரத்தில் போய்ப் பிடித்தது. கம்பளத்தின் மேல் வழுக்கியது. விரல்கள் திறந்து மறுபடி பிடித்தன. அங்கே ஒன்றும் இல்லை என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. காலடியில் அங்கிகளின் ஓரம் சிக்கியது, முன்னால் விருந்தாளிகளின் செருப்புக் குவியல். நான் கிண்ணங்களைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் விழுந்துவிட்டார்.

விழுந்த பிறகும் அந்த மனிதர் பாடத்தை மறக்கவில்லை. பக்கவாட்டில் புரளப் பார்த்தார். முறிந்த இடுப்பெலும்பு விடவில்லை. அறையிலிருந்து எல்லாரும் நடையில் வந்து குவிந்தார்கள். சம்பந்திகள் போர்த்திய மூன்று அங்கிகளும் அவர் கண்முன்னே நனைந்தன. அவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு எழவேயில்லை. புதிதாக ஒரு வாளி வந்தது. ஜிபார் பார்க்கப்போனபோது அவளிடம் மட்டும் சொன்னாராம்: "பிரேக்க மிதிச்சேன்மா. கழட்டிட்டாங்கன்னு காலுக்குத் தெரியல." தை மாதப் பனியில் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே நாசிரா ஜிபாரைப் பார்த்துக் கத்தினாள். "படுத்திருந்த மனுஷன எழுப்பிவிட்டவ நீதானே! படுத்தே இருந்தா விழுந்திருப்பாரா?" ஒருவர்கூட அவளைத் தடுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், என் கொழுந்தன் என்னை இழுத்துக்கொண்டு போனான். ஊருக்கு அந்தப் பேச்சு ரொம்ப வசதியாக இருந்தது. ஒருவர்பின் ஒருவராக ஜிபாரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கிழவர்களைப் போர்வைக்குள் சுருட்டிப் படுக்கவைத்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, நல்ல பிள்ளைகள் என்று பெயரும் வாங்கினார்கள். ஜிபார் என் கடை மூலையில் காலுறை விற்க உட்கார்ந்தாள். என் செருப்பைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளை வம்புக்கு இழுப்பதற்காகவே இன்னும் மோசமாக வழுக்குகிற சரக்கை வாங்கி முன்னால் அடுக்கினேன். பார்ப்பாள், பேசமாட்டாள்.

ஒருநாள் மட்டும், ஒரு மகன் பெருமையாக, "எங்கம்மா இப்பெல்லாம் விழறதே இல்ல, கட்டில விட்டு இறங்கவிடறதில்ல" என்றான். காலுறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆமா தம்பி. படுத்தே இருக்கறவங்க விழறதில்ல, செத்துடறாங்க." அவன் வாங்காமல் போய்விட்டான்.

போன வசந்தத்தில் குபாத் ஆள் அனுப்பினான். அவனுக்குச் சர்க்கரை வியாதி. பாதம் மரத்துப்போய், முற்றத்தில் இரண்டுதரம் விழுந்திருந்தான். "போகாதடி, அவன் வாளியிலேயே இருக்கட்டும்" என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். அவள் காலுறைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதனால்தான் கூடவே போனேன்.

குபாத் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாடி நரைத்து, அப்படியே அப்பன் ஜாடை. நடையில் இன்னும் அந்தச் சிவப்புக் கம்பளம். அவன் அதன் ஓரத்தைத் தூக்கினான். பின்னால் திருகாணித் துளைகள் அப்படியே இருந்தன. மறுநாளே மாட்டிவிடுவதாகச் சொன்ன கம்பி இத்தனை வருஷமும் கொட்டகையில் கிடந்திருக்கிறது, கோழிகள் ராத்திரி ஏறி உட்கார. நாசிரா அதன் எச்சத்தைச் சுரண்டிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜிபார் அவனை நடக்கச்சொல்லிப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கம்பியைச் சுவரில் வைத்து அவன் இடுப்புக்கு உயரம் சரிபார்த்தாள். திருப்புளியைக் கையில் எடுக்கும்போது அவன் தொண்டையைச் செருமினான்.

"ஜிபார், வர்ற வெள்ளிக்கிழம தாலாஸ்லேர்ந்து சம்பந்திங்க வர்றாங்க. விருந்தாளி வர்ற அன்னிக்கு மட்டும் கழட்டிக்கற மாதிரி மாட்ட முடியுமா?"

ஜிபார் திரும்பாமலே முதல் திருகாணியைத் துளையில் வைத்தாள்.

"முடியும் அண்ணே. உங்கப்பாவுக்கும் அப்படித்தானே மாட்டியிருந்தேன்."