வேகாத கல்

பர்மாவில் கடைகண்ணியைப் பறிகொடுத்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினதும், காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுவது அப்படியே படுத்துவிட்டது. வீடு கட்டுகிறவன் கையைச் சுருக்கினால் முதலில் காய்வது செங்கல் அறுக்கிறவன் வயிறுதான். அறுபத்தாறில் அரியக்குடி ரோட்டிலிருந்த மூன்று செங்கல் காளவாசல்களில் இரண்டு அணைந்துபோயின. மிச்சம் பூமிநாதனுடையது. கிடந்த கல்லை அடிமாட்டு விலைக்குத் தள்ளி, இருபது பேருக்கும் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்தில் வந்த ஒரே பெரிய கிராக்கி கோட்டையூர் சுலைகா. புருஷன் ஜெய்னுலாபுதீன் பினாங்கில் கடையில் இருந்தார். பாதியில் நின்ற வீட்டுக்குப் பதினையாயிரம் கல் வேண்டும் என்றாள். பூமிநாதனிடம் மண் இருந்தது, ஆள் இருந்தது, விறகு மட்டும் பாதிதான் இருந்தது. இருப்பதை வைத்துக் கொளுத்தினார். ஏழு நாள் எரிய வேண்டிய காளவாசல் நாலு நாளில் அடங்கியது.

வெந்த கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும். வேகாதது மொத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டால் கரையும். பூமிநாதன் வேகாததை வண்டியின் அடியில் போட்டு, வெந்ததை மேலே அடுக்கினார். ஆளை விடவில்லை, தன் கையாலேயே அடுக்கினார். நாணயத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற மனுஷன்!

காளவாசல் பிழைத்தது. அப்புறம் அவர் பிழைத்த விதம் யோக்கியமானது. கிணற்று விளிம்புக்கு நூறு, அடுப்படிக்கு ஐம்பது என்று கேட்டாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். உடைந்ததைத் தளம் போட ஜல்லியாக விற்றார். அணைந்த காளவாசல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒரே சூளையாகப் போட்டார். தட்டிப் பார்க்காமல் ஒரு கல் வண்டி ஏறாது. "பூமிநாதன் கல்லுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று ஊர் சொன்னது. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அவருக்குக் கோட்டையூர் வண்டிதான் ஞாபகம் வந்தது.

போகிற இடமெல்லாம் சுவரைத் தட்டினார். கல்யாண வீட்டில் தட்டினார், ஆஸ்பத்திரியில் தட்டினார். கணீரென்று கேட்டாலும் காதில் மொத்தென்றே விழுந்தது. மழை பிடித்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டையூர் போவார். சுலைகா வீட்டு முக்கில் நனைந்தபடி நின்று, சுவர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவார். "எங்கிட்டுப் போய்ட்டு வாரீக?" என்று பொன்னுத்தாயி கேட்டால், பெண்டாட்டியிடமும் பொய்தான். பதினோரு வருஷம் இப்படி.

எழுபத்தேழு ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அன்றைக்கு முக்கிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை. வாசலேறிக் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, ஒன் வீட்டுச் செவுத்துல வேகாத கல்லு இருக்கு. நாந்தான் தெரிஞ்சே போட்டேன். எல்லாரும் வெளிய வந்துருங்க."

சுலைகா பதறவில்லை. "தெரியும்ணே. அன்னைக்கே கொத்தனார் தட்டிக் காமிச்சாரு. வேகாதத எல்லாம் பின்னால ஒத்தை ரூம்புக்கே வைக்கச் சொன்னேன்."

"ஏன்த்தா என்னையக் கேக்கல?"

"கேட்டா ஒங்க காளவாசலும் அணைஞ்சிருக்கும். வேற யார்ட்டப் போவேன்? நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன். மழைக்கு மழை முக்குல வந்து நிப்பீக. ஒங்க சைக்கிளக் கண்டா பிள்ளைகள அந்த ரூம்புப் பக்கம் போக விடமாட்டேன்."

பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். காலி அறை. பூச்சு ஊதியிருந்தது. பூமிநாதன் சுவரைத் தட்டினார். மொத்தென்றது.

"என் மக ஆரிபாவுக்குன்னு நெனச்ச ரூம்பு," என்றாள் சுலைகா. "போன வருஷம் அவளக் கட்டிக் குடுத்தாச்சு. ஒரு நாள்கூட இதுல படுக்கலண்ணே."