விலை பாதியானால் என்று கேட்டவர்

கண்ணுகளா, போன வாரம் பேப்பரில் ஒரு பெரியவர் படம் வந்திருந்தது. பணத்தையும் பேங்கையும் ஆராய்ச்சி செய்து உலகமெல்லாம் பேர் வாங்கியவர் என்று போட்டிருந்தார்கள். "இவரை நம்ம ஜீப்புல ஏத்தியிருக்கேன்" என்றேன். நீங்கள் ரெண்டு பேரும் சிரித்தீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மூத்தவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். சின்னவன் பிறக்கவில்லை. மலைமேல் அரியூர் நாட்டில் நமக்கு இருந்த காடு முழுக்கக் குச்சிக்கிழங்கு, கீழே மரவள்ளி என்பார்களே அதுதான். அந்த வருசத்துச் சாப்பாடு மொத்தமும் அந்த மண்ணுக்கடியில்தான் இருந்தது. காட்டில் வேலை இல்லாத நாளில் ஜீப்பை வாடகைக்கு ஓட்டுவேன்.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு காலையில் மலையடிவாரக் காரவள்ளியில் அவரை ஏற்றினேன். ஒடிசலான ஆள், தலை முழுக்க நரை. வண்டி வளைவு வளைவாக ஏறும்போது தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய சின்ன வயதில் ஊரில் ஒரு பேங்க் ஒரே நாளில் சாய்ந்துவிட்டதாம். பேங்கில் ஒரு கோளாறும் இல்லை. மூடப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஊரே பணத்தை எடுக்க ஓடியதாம். அவருடைய அப்பாவும் அந்த வரிசையில் நின்றாராம்.

"அந்த வரிசை ஏன் வந்துச்சுன்னு கேட்டே என் ஆயுசு போச்சு தம்பி. வெளிநாட்ல படிச்சது, பாடம் நடத்தினது, எழுதினது எல்லாம் அதுக்குத்தான்" என்றார். பேங்கே இல்லாத இடத்திலும் ஜனங்கள் அப்படி ஓடுவார்களா என்று பார்க்கத்தான் மலைக்கு வந்திருந்தார்.

முதல் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டார்: "ஒருவேளை கிழங்கு விலை பாதியா விழப்போகுதுன்னா, நீங்க எப்பப் பிடுங்குவீங்க?"

நம் மலையில் கெட்ட சேதியை யாரும் நேராகச் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாவுச் சேதி கொண்டுவருகிறவர் வாசலில் நின்று, "ஒருவேளை நீங்க வெளியூர் போகவேண்டி வந்தா, மாட்டைப் பாத்துக்க ஆள் இருக்குங்களா?" என்றுதான் கேட்பார். கேட்டதுமே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள்.

அதுவரை சிரித்துப் பேசிய வீட்டுக்காரர் எழுந்து காட்டைப் பார்க்கப் போனார். அவர் மனைவி காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜீப்புக்குத் திரும்பியதும் பெரியவரிடம் விவரத்தைச் சொன்னேன். "இப்படிக் கேக்காதீங்க சார். எங்காளுங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "புரியுது தம்பி. ஆனா எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டாத்தான் அது ஆராய்ச்சி. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்னு முன்னாடியே சொல்லிடறேன்."

சொன்னார். அடுத்தடுத்த வீடுகளில் அது இன்னும் மோசமாகப் போயிற்று. சாவுச் சேதிக்காரரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

மத்தியானம் திண்ணனூர் நாட்டுக்குப் போனபோது, ஜீப் சத்தம் கேட்டே ஜனங்கள் வெளியில் வந்து நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் ரத்தமில்லை. வயசான ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க சார், எங்களுக்கு முன்னாடி எத்தனை ஊட்டுல சொன்னீங்க?" என்றார்.

"நான் சொல்லலீங்க, கேட்டேன்."

"ஆமாங்க சாமி, அதத்தான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர் எந்த வீட்டிலும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான்.

மறுநாள் விடியும்போதே முதல் வீட்டுக்காரர் காட்டில் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். தையில் பிடுங்கவேண்டிய கிழங்கு. நம் பக்கம் ஒரு காட்டில் பிடுங்கினால் எல்லா வீட்டு ஆட்களும் போக வேண்டும். அடுத்தது பக்கத்துக் காடு, அப்புறம் அதற்கடுத்தது. நடுவில் ஒருவன் மாட்டேன் என்று நின்றால், பிறகு அவன் காட்டுக்கு ஆள் வராது. பிடுங்கிய கிழங்கு ரெண்டு நாளில் கறுத்துவிடும், ஆகவே லாரிக்கு அடிதடி. என்னைப் பார்த்ததும் பங்காளி ஒருவர் கேட்டார்: "ஏண்டா, ஜீப்புல எமனையா ஏத்திட்டு வந்தே?"

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம், "அது வெறும் கேள்விதான். நாம பிடுங்க வேண்டாம்" என்றேன்.

"வெறும் கேள்வின்னு எனக்கும் தெரியுமுங்க" என்றாள். "ஊரே பிடுங்கி வித்தா விலை நெசமாவே விழுமா விழாதா? அத நீங்க சொல்லுங்க."

நம் காட்டுக்கும் ஆள் சொல்லிவிட்டு வந்தேன்.

நம் காட்டுக்கு ஆட்கள் வந்த அன்று, ஊரில் தங்கியிருந்த பெரியவரும் நடந்தே வந்து வரப்பில் நின்றார். மண்ணை விட்டு வந்த கிழங்கு மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. ஓர் ஆள் நிமிர்ந்து, "சார், ஒருவேளை மலை சரிஞ்சு விழுந்தா என்ன செய்வீங்கன்னு மட்டும் கேட்டுப்புடாதீங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரெண்டு நாள் கழித்து அவரைக் கீழே இறக்கிவிடப் போனேன். காரவள்ளியில் ரோட்டோரம் கிழங்கு லாரிகள் வரிசையாக நின்றன. பிஞ்சுக் கிழங்கில் மாவே இல்லை என்று ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர்கள் பாதி விலைதான் தருவோம் என்றார்களாம். அதற்கும் காத்திருக்கச் சொன்னார்களாம். வெயிலில் புளித்த வாடை அடித்தது.

"நிறுத்துங்க தம்பி" என்றார். இறங்கினார். "உங்க கிழங்கு எதுல இருக்கு?"

"கடைசி லாரிங்க சார்."

"என் அப்பாவும் கடைசிலதான் நின்னார்" என்றார். அதற்குப் பிறகு வண்டியில் ஏறவில்லை. கடைசி லாரி நகரும்வரை அங்கேயே நிற்கப்போவதாகச் சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையின் பின்பக்கம் நடந்தார். அதற்கப்புறம் அவரை நான் பார்த்ததில்லை. பேப்பரில் பார்த்ததுதான்.

நான் தனியாக மலையேறி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் காட்டுக்குப் போனேன். பிடுங்கிப் போட்ட தண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த நடவுக்கு அதுதான் விதை. அவசரத்தில் ஊரில் ஒருவரும் அதை எடுத்து வைக்கவில்லை. பச்சை மாறாதவையாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு கட்டுக் கட்டினேன். பலா மரத்து நிழலில் நிமிர்த்தி வைத்து, வைக்கோல் போட்டு மூடினேன்.