ஓடைக்கரை ஹேசலும் நான் எறிந்த துண்டும்

நான்காய் மடித்து, மண் படிந்த ஒரு கடதாசித் துண்டு. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், அத்தான் அதை ஒரு செடிக்கிளையோடு சேர்த்து என் மேசையில் வைத்தார். அக்காவின் கணவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த மனிதருக்கு இங்கே கிடைத்தது ஒரு வனவிலங்குச் சரணாலயத்தில் வேலி கட்டும் வேலை. நான் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகமொன்றில் டைப்பிஸ்ட். ஓய்வு நாட்களில் அவர் சேர்த்த செடிகளை எங்கள் அதிகாரி வாங்கிக்கொள்வார். அவரையே சேகரிப்பாளராக எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அக்கா அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று வந்தது ஹேசல். இந்த மண்ணின் புதர். கொட்டை காய்க்காது, தங்கள் ஊர் ஹேசல் கொட்டை மரத்தின் இலைபோல இருக்கிறதென்று வெள்ளைக்காரர் வைத்த பெயர். ஓடையின் எந்தக் கரை, எந்த வளைவு, எத்தனை புதர் என்று துண்டில் பென்சிலால் எழுதியிருந்தார். நானோ யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பழகியவள். அங்கே நல்ல பிரதி அடித்தாயிற்றென்றால் பென்சில் எழுத்துக் குப்பைக்கூடைக்குத்தான். செடித்தாளில் ஒட்டும் விபரச்சீட்டில் இடம் போதாதென்று சரணாலயத்தின் பெயரை மட்டும் வடிவாக அடித்து ஒட்டிவிட்டுத் துண்டைக் கிழித்து எறிந்தேன். நாசமாய்ப் போன சுத்தம்!

சில மாதங்களில் தெருப் போடுகிறவர்கள் அந்தக் கரையைப் புல்டோசரால் வழித்துவிட்டார்கள். அத்தான் முறைப்பாடு எழுதினார். அங்கே வெறும் புல்தான் நின்றது என்றார்கள் அவர்கள். "எங்கட தாள் கிடக்குதுதானே, அதைக் காட்டுவம்" என்று அத்தான் தெம்பாக இருந்தார். எங்கள் காப்பகத்தில் வைத்த விசாரணைக்கு முதல்நாள் அழுதபடி அவரிடம் சொன்னேன்.

"அத்தான், அந்தத் துண்டை நான் எறிஞ்சுபோட்டன்."

அத்தான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "ஆருக்கும் சொல்லாதையும் பிள்ளை. உம்மட வேலையும் போனா என்ன செய்யிறது?"

ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் இத்தனை வருடம் இது என் நெஞ்சை அரித்திராது. இப்போது மகள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு அந்தத் தெருவால்தான் காரை விடுகிறாள். "ஏனம்மா கதைக்காமல் வாறீங்கள்?" என்பாள்.

விசாரணையில் எங்கள் அதிகாரி செடி ஒட்டிய தாளைத் தூக்கிக் காட்டி, இடத்தை ஏன் சரியாகக் குறிக்கவில்லை என்று கேட்டார்.

"மறந்துபோனேன்" என்றார் அத்தான்.

மூலையில் இருந்து குறிப்பெடுத்தவள் நான். அந்தச் சொல்லையும் எழுதிக்கொண்டேன். பின்னேரம் அறிக்கையை டைப் அடித்தேன்: சேகரித்தவர் கவனமற்றவர், இனி அவரிடம் செடி வாங்குவதில்லை. ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை.